அந்த ஊருக்கு யாராவது போகிறார்களா?

மகள் சுமையாவுக்கு வாப்பா சலாம் சொல்லி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க வழியில்லை. காலையில்தான் போனில் உன் முகத்தைப் பார்த்தேன். நலமாகத்தான் இருக்கிறாய். குல்லாயை இன்னும் கொஞ்சம் காது மறைய இழுத்துவிட்டிருக்கலாம், அவ்வளவுதான். தினமும் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று உன் உம்மா கேட்கிறாள். போனில் நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் நீ "சரி வாப்பா, சரி வாப்பா" என்று முடித்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார். அதிலும் இதை ஊரார் படிக்கிற இடத்தில் வைத்து எழுதுகிறேன். உனக்குக் கோபம் வரும், வரட்டும். உன் வாப்பாவிடம் ரகசியம் தங்காது என்பது தேரா முழுக்கத் தெரிந்த விஷயம்தானே.

உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் நம் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். துபாயில், தேராவில் எனக்குப் பெட்டி வியாபாரம். ஊருக்குப் போகிறவர்கள் வாங்கும் உருட்டுப் பெட்டி, கைப்பை, அட்டைப் பெட்டி, கயிறு, டேப், எடை பார்க்கிற தொங்கு தராசு எல்லாம் கிடைக்கும். விற்பதோடு நிற்க மாட்டேன். கேட்டால் பெட்டி கட்டியும் கொடுப்பேன், கேட்காவிட்டாலும் கட்டிக் கொடுப்பேன் என்று நீ கேலி செய்வாய். கனமான சாமான் சக்கரத்துப் பக்கம், உடைகிற சாமான் துணிக்கு நடுவில், சாக்லேட் கடைசியாக மேலே. கட்டி முடித்ததும் மார்க்கரை எடுத்துப் பெட்டியின் எல்லாப் பக்கமும் பெயரும் ஊரும் எழுதுவேன். கீழக்கரையிலிருந்து வந்த நாளிலிருந்து இதுதான் என் வேலை. எத்தனையோ பேரை இந்தக் கையால் பெட்டி கட்டி வழியனுப்பியிருக்கிறேன். அந்த வரிசையில் ஒருநாள் நீ வருவாய் என்று நினைத்ததில்லை என்று சொன்னால் பொய். நினைத்துக்கொண்டேதான் இருந்தேன்.

பள்ளிக்கூடம் முடித்ததும் நீ கனடாவுக்கு விண்ணப்பித்தாய். அப்போது நாங்கள் மூச்சு விடாமல் எல்லாரிடமும் சொல்லி வைத்தோம். கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த பெருநாள் உனக்கு மறந்திருக்காது. ஈத் முபாரக் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் உனக்கு ஆறுதலும் சொல்லிவிட்டுப் போனார்கள். "பொம்பளப் புள்ளைக்கு இங்கயே படிச்சா என்ன குறைச்சல்" என்றார் ஒருவர். "எல்லாம் ஹைர்தான், நன்மைக்குத்தான்" என்றார் இன்னொருவர். நீ சிரித்துக்கொண்டே பிரியாணித் தட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். எல்லாரும் போன பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். இங்கேயே ஒரு கல்லூரியில் சேர்ந்து இரண்டாம் வருஷம் வந்ததும், மூன்றாம் வருஷத்துக்கு மாற்றல் கேட்டு மறுபடி கனடாவில் இரண்டு இடத்துக்குப் போட்டாய். ஒன்று டொரண்டோ பக்கத்தில் இருக்கும் பெரிய பல்கலைக்கழகம். இன்னொன்று கிழக்குக் கோடியில், கடலுக்குள் தள்ளியிருக்கும் ஒரு தீவு ஊரில் கப்பல் கட்டுகிற இன்ஜினியரிங். இரண்டிலுமே வெளியிலிருந்து மாறி வருகிறவர்களுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய இடம்தான் என்றாய். அப்போதுதான் எங்கள் இருவரையும் சோபாவில் உட்காரவைத்துச் சத்தியம் வாங்கினாய்.

"வாப்பா, இந்தத் தடவை யாருக்கும் தெரியக் கூடாது. ப்ளீஸ். கிடைச்சா நானே சொல்றேன். கிடைக்கலன்னா யாரும் என்னைப் பாவமாப் பாக்கக் கூடாது."

உன் உம்மா உடனே தலையாட்டினாள். விசா அடித்துக் கையில் வருகிறவரை வாயைத் திறக்கக் கூடாது என்பது இந்த நாட்டுக்கு வந்த எல்லாருக்கும் மனப்பாடம். அவளுக்கு அது வசதியாகப் போயிற்று. நானும் சத்தியம் செய்தேன். செய்தபோது மனசாரத்தான் செய்தேன், அதை நீ நம்ப வேண்டும்.

வாயால் நான் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்குப் புதுச் சரக்கு வந்தது, அதில் கடல் நீலத்தில் ஒரு பெரிய பெட்டி. சக்கரம் தண்ணீரில் போவது போல வழுக்கிக்கொண்டு ஓடியது. அதை மட்டும் எடுத்து மேல் தட்டில் வைத்துத் துணி போட்டு மூடினேன். அவ்வளவுதான் நான் செய்தது. அன்றே ஒருவர் அதைக் கேட்டார், விற்பனைக்கில்லை என்றேன். பக்கத்து அத்தர் கடை காதர் காக்கா காதில் அது விழுந்துவிட்டது. உன் வாப்பா ஒரு பெட்டியை விற்க மாட்டேன் என்று சொன்னதை அந்த மனிதர் வாழ்நாளில் கேட்டதில்லை. டீயைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "யாருக்கு எடுத்து வச்சிருக்கே?" என்றார். நான் கயிற்றுக் கண்டைச் சுற்ற ஆரம்பித்தேன். "புள்ளைக்கா?" என்றார். அதற்கும் கயிற்றையே சுற்றினேன். "கனடாவா?" என்றார். நான் சிரித்துவிட்டேன் சுமையா. என்ன செய்வது, சந்தோஷத்தை அடக்குகிற தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது.

நம் ஆட்களைத்தான் உனக்குத் தெரியுமே. யாராவது ஒரு ஊருக்குப் போகிறார்கள் என்றால், அந்த ஊரில் இருக்கிற தன் ஆளுக்கு ஒரு பொதி கொடுத்தனுப்பாவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது. போகிறவர் போவது நிச்சயமா, எப்போது போகிறார் என்பதெல்லாம் பிறகு. அடுத்த வாரமே காதர் காக்கா தொதல் இனிப்பு டப்பாவும் இரண்டு அத்தர்ப் புட்டியும் கொண்டுவந்து வைத்தார், டொரண்டோவில் இருக்கும் தன் மகனுக்கு. "அவசரமில்ல, புள்ளை போகும்போது போதும்" என்றார். நம் கட்டடத்து ஜமீலா மாமி அங்கே இருக்கும் மருமகளுக்கு மாசிக் கருவாடும், பிறக்கப் போகிற பேரப்பிள்ளைக்குச் சட்டைகளும் கொடுத்தாள். ஐஸ் ஸ்டோரில் ஃப்ரீசர் டூட்டி பார்க்கிறாரே சிவகங்கைக்கார முருகேசன், அவர் அண்ணன் அங்கே ஹோட்டலில் சமையல்காரராம். அவருக்கு ஒரு வேட்டியும் குலசாமி கோயில் விபூதியும். "அங்க இதெல்லாம் கிடைக்குமாம் பாய், ஆனா நம்ம கோயில் விபூதி கிடைக்காதுல்ல" என்றார். "இன்னும் பதிலே வரல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொன்னால் நீ காத்திருக்கிற விஷயம் வெளியே வந்துவிடும். சத்தியத்தைக் காப்பாற்றுவதற்காக ஒவ்வொரு பொதியாக வாங்கிக் கல்லாவுக்குப் பின்னால் அடுக்கினேன். இதைவிடக் குழப்பமான நாணயஸ்தன் இந்தத் தெருவில் கிடையாது.

நீயோ வீட்டில் போனைப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தாய். 'பரிசீலனையில்' என்று விண்ணப்பப் பக்கத்தில் போட்டிருந்ததைத் தவிர வேறு ஒன்றும் வரவில்லை. நோன்பு வந்தது, போனது. பெருநாள் வந்தது, போனது. கஞ்சி குடிக்கும்போதுகூட ஒரு கையில் போன். அந்தப் பக்கத்தை இப்படித் திறந்து திறந்து மூடினால் கீல் கழன்றுவிடும் என்று நான் சொன்னதற்கு நீ சிரிக்கவில்லை. உன் உம்மா பள்ளிவாசலுக்குச் சோறு கொடுப்பதாக நேர்ந்துகொண்டாள். நான் கடையில் தொங்கு தராசை எடுத்து உன் பொதிகளை நிறுத்துப் பார்த்தேன். விமானத்தில் விடுகிற எடையைத் தாண்டிவிட்டது. இடமே கிடைக்காத பிள்ளைக்கு, துணி வைக்கவே பெட்டியில் இடமில்லாமல் போயிருந்தது.

பெருநாள் கழிந்த ஒரு சனிக்கிழமை உம்மா கொடுத்த சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாய். அதே நேரம் ஜமீலா மாமியும் வந்து சேர்ந்தாள், இன்னொரு சட்டையோடு. "கண்ணு, நீ எந்தத் தேதியில போறே? மருமவ கேட்டுக்கிட்டே இருக்கா" என்றாள். நீ என்னைப் பார்த்தாய். கல்லாவுக்குப் பின்னால் பார்த்தாய். மாமியிடம் மரியாதையாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு ஒவ்வொரு பொதியாக எடுத்துப் பெயரைப் படித்தாய். எல்லாம் என் கையெழுத்து. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ்தான் வரும் என்பார்கள். உனக்கு அன்றைக்குச் சுத்தமான கீழக்கரைத் தமிழ் வந்தது.

"இதெல்லாம் நீங்க யாரைக் கேட்டு வாங்குனீங்க வாப்பா? எடம் கிடைக்கலன்னா ஒவ்வொரு வீடாப் போயி இதைத் திருப்பிக் குடுக்கணுமே. போன தடவை வீட்டுக்கு வந்து பாவம் பார்த்தாங்க. இந்தத் தடவை நாமளே அவுங்க வீட்டுக்குப் போயி அந்தப் பரிதாபத்தை வாங்கிக்கிட்டு வரணுமா?"

"நான் போயிக் குடுக்குறேன். நீ வர வேணாம்" என்றேன். நீ சாப்பாட்டுத் தூக்கை மேசையில் வைத்துவிட்டுப் போனாய். அன்று அதைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். உன் படிப்பு எங்கே என்பது எனக்குப் பெரிய கவலை இல்லை, உண்மையாகச் சொல்கிறேன். நீ எங்கே படித்தாலும் படிப்பாய். இரண்டாவது தடவையும் நீ அந்தக் கதவைச் சாத்திக்கொண்டால் என்ன செய்வது என்றுதான் பயந்தேன்.

டொரண்டோவிலிருந்து பதில் வந்தது. இல்லை என்று வந்தது. வெள்ளிக்கிழமை காலை, நாங்கள் இருவரும் நாஷ்டாவுக்கு உட்கார்ந்திருந்தோம். நீ அறையிலிருந்து வந்து, "பெரிய யூனிவர்சிட்டி இல்லைன்னுட்டான்" என்றாய். உன் உம்மா கையில் இருந்த இடியாப்பத்தை அப்படியே வைத்தாள். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். "ஹைர்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாய். அதைத்தான் சொல்லவிருந்தேன். கண் கலங்கியிருந்தது உனக்கு. கதவைச் சாத்தப் போகிறாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ முகம் கழுவிக்கொண்டு வந்து, முக்காட்டைச் சரி செய்துகொண்டு, "ஜும்மா முடிஞ்சதும் கடையைத் திறங்க வாப்பா. பொதியெல்லாம் குடுத்துட்டு வந்துருவோம். நானும் வர்றேன்" என்றாய். சுமையா, நீ பிறந்த அன்று நான் பட்ட சந்தோஷத்துக்கு அடுத்தபடி அன்றைக்குத்தான். இதை உன்னிடம் அப்போது சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உனக்குப் புரிந்திருக்காது, இடம் கிடைக்காத அன்றைக்கு இந்த மனிதனுக்கு என்ன சந்தோஷம் என்று நினைத்திருப்பாய்.

முதலில் காதர் காக்கா. நீயே சொன்னாய், "மாமா, டொரண்டோ கிடைக்கல. இந்தாங்க." அவர் டப்பாவை வாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "நல்லவேளை. இன்னும் ஒரு வாரம் போனா கெட்டுப்போயிருக்கும். கத்தி எங்க?" என்றார். அத்தர் கடைக் கல்லாவில் வைத்துத் தொதலை வெட்டி மூன்று பேரும் தின்றோம். தின்றுகொண்டே, அவர் மகன் தொதல் சாப்பிடுவதை விட்டு வெகுநாளாயிற்று, டாக்டர் சர்க்கரை கூடாது என்றுவிட்டார், அனுப்பினால் திட்டு வாங்கியிருப்பேன் என்று சொல்லிச் சிரித்தார். ஜமீலா மாமி சட்டைகளை வாங்கிக்கொண்டு, "சரி, உள்ள வா, சோறு வச்சிருக்கேன்" என்றாள். அவ்வளவுதான், வேறு பேச்சே இல்லை. அடுத்து முருகேசன் ரூமுக்குப் போனோம். அவர் வேட்டியைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "விடும்மா. எனக்குக் கத்தார் விசா மெடிக்கல்ல போச்சு. ஏஜென்சி வாசல்ல உக்காந்து அழுதேன். அப்புறம்தான் இங்க வந்தேன். இன்னொரு எடம் போட்டிருக்கியா?" என்று கேட்டார். "போட்டிருக்கேன் அண்ணே. தீவு. அங்க ரொம்பக் குளிராம்" என்றாய். ஃப்ரீசர் டூட்டிக்காரர் கண் பளிச்சென்று ஆயிற்று. "குளிரா? அதை எங்கிட்டக் கேளு" என்று உட்கார்ந்து, காலுறை எத்தனை போட வேண்டும், கையுறைக்குள் கையுறை எப்படிப் போட வேண்டும், குளிர் முதலில் எங்கே பிடிக்கும் என்று பாடம் எடுத்தார். நீ வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாய். திரும்பி வரும்போது நீ கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "ஏன் வாப்பா, ஒருத்தரும் பாவமாப் பாக்கலயே?" என்றாய்.

அதற்கு இப்போதுதான் யோசித்துப் பதில் எழுதுகிறேன். போன தடவை நாம் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம், அவர்கள் வந்து பார்த்தார்கள். வந்தவர்களுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை, தெரிந்ததைப் பேசினார்கள். இந்தத் தடவை நீயே போய்ச் சொன்னாய். சொன்னவளுக்கு எதிரே அவர்கள் தங்கள் கதையைத்தான் எடுத்து வைக்க முடிந்தது. இல்லை என்று ஒரு பதில் வாங்காதவர் இந்தத் தேராவில் யார் இருக்கிறார்கள், சொல்லு. விசா இல்லை என்றிருக்கிறார்கள், வேலை இல்லை என்றிருக்கிறார்கள், விசா கொடுத்த கஃபீல் முடியாது என்றிருக்கிறார். எல்லாரும் அப்படி வந்தவர்கள்தான். இனி எதற்குக் காத்திருந்தாலும் தனியாக மட்டும் காத்திருக்காதே. ஒருவரிடமாவது சொல்லு. அந்த ஒருவர் உன் வாப்பாவாக இருக்க வேண்டாம், அதன் விளைவு உனக்கே தெரியும்.

தீவு ஊரின் பதில் நம்மை துபாய் க்ரீக்கைக் கடக்கும் அப்ராப் படகில் வைத்துப் பிடித்தது. அக்கரையில் இருக்கும் பர் துபாயிலிருந்து தேராவுக்கு வந்துகொண்டிருந்தோம். கரையில் மரக்கலங்களில் ஃப்ரிட்ஜும் டயரும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதிலிருந்து அந்த இடத்தில் நீ அதைத்தான் பார்ப்பாய், இவ்வளவு ஏற்றியும் ஏன் கவிழவில்லை என்று கேட்பாய். எனக்குத் தெரியாது என்பேன். உன் போன் ஒரு தடவை அதிர்ந்தது. பார்த்தாய். கையை நீட்டி என் முழங்கையைப் பிடித்தாய். "வாப்பா, எடுத்துட்டாங்க" என்றாய். நான் எழுந்து நின்றுவிட்டேன். படகு ஆடியது. "பைட்டோ பாய், பைட்டோ" என்று உட்காரச் சொல்லிப் படகுக்காரர் சத்தம் போட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, அழுதுகொண்டே, படகில் ஒருவர் எழுந்து நின்றால் பாரம் எப்படி மேலே போகிறது என்று எனக்கு விளக்கினாய். கப்பல் இன்ஜினியரிங்கில் உன் முதல் பாடத்தை நான்தான் கேட்டேன்.

பிறகுதான் வேடிக்கை. தெருவில் எல்லாரிடமும் நீயே சொன்னாய். எல்லாரும் மாஷா அல்லாஹ் என்றார்கள், கை குலுக்கினார்கள், கேக் வெட்டினார்கள். அப்புறம் ஒவ்வொருவராக யோசிக்க ஆரம்பித்தார்கள். "அங்க நம்ம ஆளு யாரு இருக்கா?" என்றார் காதர் காக்கா. போனைப் போட்டு மகனிடம் கேட்டார், மகன் அவன் கூட்டாளிகளிடம் கேட்டான். ஒருவரும் இல்லை. ஜமீலா மாமிக்கு முகமே வாடிவிட்டது. ஒரு பிள்ளை ஒரு ஊருக்குப் போகிறது, அதன் கையில் கொடுத்துவிட அந்த ஊரில் ஒரு ஆள்கூட இல்லை. அந்தக் கடல் நீலப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்து வைத்தேன். உன் துணி, உன் புத்தகம், உன் உம்மாவின் மசாலாப் பொடிகள், முருகேசன் கொடுத்த தடித்த கையுறை. அப்புறமும் பாதி இடம் மிச்சம். இத்தனை பேருக்குப் பெட்டி கட்டியவன், அந்தப் பாதி இடத்தை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்களின் பெட்டியில் எப்போதும் அந்தப் பக்கத்தில் யாராவது ஒருவர் காத்துக்கொண்டிருப்பார். உன் பெட்டிக்கு யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை. உன்னை அனுப்புவதில் எனக்கு இருந்த பயம் அத்தனையும் அந்தப் பாதி இடம்தான் என்று அப்போது புரிந்தது. நீ வந்து எட்டிப் பார்த்து, "லைட்டா இருந்தா நல்லதுதானே வாப்பா" என்று மூடிவிட்டாய்.

நீ போன பிறகு கடையில் உட்கார்ந்து யோசித்தேன். டொரண்டோவுக்கு முதல் முதலாகப் போன நம் ஆள் யாரோ, அவனும் பாதிப் பெட்டியோடுதான் போயிருப்பான். அவன் போனதால்தான் அடுத்தவனுக்கு அங்கே ஒரு வீடு இருந்தது. தேராவுக்கும் அப்படி ஒருவன் முதலில் வந்திருப்பான். அதனால் உனக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். அந்த ஊருக்கு நம் பக்கத்துப் பிள்ளை யாராவது வந்தால், தெரிந்தவனோ தெரியாதவனோ, இடம் கிடைத்து வந்தவனோ இடம் தேடி வந்தவனோ, ஒரு வேளை சோறு போடு. அவன் கையில் கொண்டுவருகிற பொதியைப் பிரித்துப் பார்த்து வாங்கு, அது என் தொழில் புத்தி. நீ அங்கே தனியாக இருக்கிறாய் என்பது எனக்கு வருத்தம்தான். மறைக்கவில்லை. சந்தோஷம் அதைவிடப் பெரிது, அதையும் மறைக்கவில்லை.

இன்னொரு செய்தி. கல்லாவுக்குப் பின்னால் மறுபடி பொதிகள் சேர ஆரம்பித்துவிட்டன. காதர் காக்கா புதுத் தொதல் கிண்டச் சொல்லிக் கொண்டுவந்திருக்கிறார். ஜமீலா மாமி மாசியும், இந்தத் தடவை உன் அளவுக்கு ஒரு கம்பளிச் சட்டையும் கொடுத்திருக்கிறாள். முருகேசன் ஊருக்கு லீவில் போய்வந்தவர், "பாய், புள்ள விபூதி பூசாதுன்னு தெரியும், இது தேங்குழல்தான்" என்று ஒரு டப்பா வைத்துவிட்டுப் போனார். எல்லாவற்றையும் ஒரே அட்டைப் பெட்டியில் கட்டி, எல்லாப் பக்கமும் மார்க்கரில் எழுதிவிட்டேன். இத்தனை வருஷத்தில் வாங்குகிறவர் இடத்தில் உன் பெயரை எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத்து கோணலாக இருந்தால் படித்துக்கொள். இப்போது பெட்டி வாங்க யார் வந்தாலும் எடையைப் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறேன். இதைப் படிக்கிறவர்களிடமும் அதையே கேட்டு முடிக்கிறேன். அந்த ஊருக்கு யாராவது போகிறீர்களா? எங்கள் ஆள் ஒருத்தி அங்கே இருக்கிறாள்.